தீனி தின்னாத மீனுக்கு மருந்து கொடுப்பது எப்படி?

கெளுத்தி மீனைக் கையால் பிடித்திருக்கிறீர்களா? பிடித்தவர்களுக்கு அதன் முதுகில் ஒன்றும் பக்கத்திற்கு ஒன்றுமாக நிற்கும் மூன்று முட்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிடிக்காதவர்கள் அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது மீன் கூடையைக் கவனித்துப் பாருங்கள். செதில் இல்லாத வழவழப்பான உடல், தட்டையான தலை, வாயைச் சுற்றிப் பூனைக்கு இருப்பது போன்ற மீசை. இந்த மீசையைப் பார்த்துத்தான் ஆங்கிலத்தில் இதற்குப் ‘பூனை மீன்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள்.

மீசை அழகுக்காக வந்ததன்று. நமக்கு நாக்கில் இருக்கும் சுவை அரும்புகள் கெளுத்திக்கு மீசையில் நிறைந்திருக்கின்றன. மீசையில் மட்டுமா? உதட்டில், செவுளில், உடம்பை மூடியுள்ள தோலில்கூட அவை பரவியிருக்கின்றன. அதனால் இதை ‘நீந்தும் நாக்கு’ என்று விஞ்ஞானிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கலங்கிய சேற்று நீரில் கண் என்ன செய்ய முடியும்? உடம்பு முழுவதையும் நாக்காக்கிக் கொண்டு கெளுத்தி இரை தேடுகிறது.

இவ்வளவு தீனிப் பிரியமுள்ள ஒரு மீன், ஒருநாள் முன்னால் வந்து விழுந்த தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் அதற்கு என்ன பொருள்? இந்தக் கேள்வியில்தான் ஒரு நோயின் கதை தொடங்குகிறது. அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. மருந்தை மீனின் வயிற்றுக்குள் சேர்ப்பதுதான் பெரிய காரியமாக இருந்தது.

பருத்தி விளைந்த மண்ணில் மீன்

அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆறு ஆண்டாண்டு காலமாக வண்டலைக் கொட்டி உருவாக்கிய பரந்த சமவெளி ஒன்று இருக்கிறது. அங்குள்ளவர்கள் அதை ‘டெல்டா’ என்பார்கள். (பூகோளப் பாடத்தில் படித்த டெல்டாவை நினைத்துக் குழம்ப வேண்டாம். அந்த ஆற்றின் உண்மையான கழிமுகம் தெற்கே வெகு தூரத்தில் லூசியானா மாநிலத்தில் உள்ளது.) டெல்டா பருத்திக்குப் பெயர் போன பூமி. ஆனால் அதிலும் சில பகுதிகளில் கெட்டியான களிமண். பருத்திக்கு அது அவ்வளவாக ஒத்து வராது. தண்ணீரைத் தேக்கி வைப்பதற்கோ அதைவிட நல்ல மண் கிடைக்காது. 1960களின் நடுவில் சில விவசாயிகள் இந்த நிலத்தைச் சுற்றிக் கரை எழுப்பி, நிலத்தடி நீரை இறைத்துக் குளமாக்கினார்கள். அதில் ‘சேனல் கெளுத்தி’ என்ற உள்ளூர் மீனை வளர்த்தார்கள். அதன் விஞ்ஞானப் பெயர் இக்டலூரஸ் பங்க்டேட்டஸ். முதல் சொல்லில் கிரேக்க மொழியின் மீனும் பூனையும் ஒளிந்திருக்கின்றன. இரண்டாவது சொல்லுக்குப் புள்ளி உடையது என்று பொருள். இளம் மீனின் பக்கங்களில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும்.

தொழில் வேகமாக வளர்ந்தது. உச்சத்தைத் தொட்ட 2003ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதிலும் பதனிடும் ஆலைகளுக்கு வந்த வளர்ப்புக் கெளுத்தி சுமார் 3 லட்சம் டன். பிறகு தீனி விலை ஏறியது; ஆசியாவிலிருந்து மலிவான மீன் வந்தது; பல குளங்கள் மீண்டும் வயல்களாயின. ஆனாலும் அந்நாட்டில் பண்ணைகளில் வளர்க்கப்படும் உணவு மீன்களில் முதலிடம் இன்றும் இதற்குத்தான்.

இந்தக் குளங்கள் நம் ஊர்த் தாமரைக் குளம் போன்றவை என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் பத்து, பதினைந்து ஏக்கர் பரப்பு இருக்கும். ஆழமோ நான்கு, ஐந்து அடிதான். தண்ணீர் எப்போதும் கலங்கியே இருக்கும். உள்ளே பல்லாயிரம் மீன்கள் இருந்தாலும் கரையில் நிற்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவை தெரியும் நேரம் ஒன்றே ஒன்றுதான். சோயா மாவும் மக்காச்சோள மாவும் சேர்த்துப் பொரித்த தீனி உருண்டைகளை வண்டியில் ஏற்றி, ஊதும் இயந்திரத்தால் குளத்தின்மேல் தூவுவார்கள். உருண்டைகள் மிதக்கும்படியாகவே தயாரிக்கப்பட்டவை. அவற்றைப் பிடிக்க மீன்கள் மேலே வரும்போது உலை கொதிப்பது போலக் குளம் கொதிக்கும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, மீன் வளர்ப்பவர் இந்தக் கொதிப்பைப் பார்த்துத்தான் தம் குளத்தின் நலத்தை அறிகிறார்.

கொதிப்பு அடங்கிய நாள்

செப்டம்பர் மாதம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கோடை தணிந்து காற்றில் இலேசான குளிர் வந்திருக்கிறது. வழக்கம்போலத் தீனி தூவப்படுகிறது. பாதி மீன்கள்தான் மேலே வருகின்றன. மறுநாள் இன்னும் குறைவு. தீனி உருண்டைகள் நனைந்து ஊறி, காற்றடித்த கரையோரம் ஒதுங்குகின்றன.

அடுத்த சில நாட்களில் இரண்டு மூன்று மீன்கள் விசித்திரமாக நடந்து கொள்வதைக் காணலாம். தலை மேலே, வால் கீழே என்று நட்டு வைத்த குச்சிபோல அவை நீரில் தொங்கும். திடீரெனப் பம்பரம்போலச் சுற்றும். மறுபடியும் ஓய்ந்து நிற்கும். பிறகு இறந்த மீன்கள் மிதக்கத் தொடங்கும். இறந்த ஒன்றை எடுத்துப் பார்த்தால் தாடையின் அடியிலும் வயிற்றிலும் ஊசியால் குத்தியது போன்ற சிவந்த புள்ளிகள் தெரியும். வயிறு நீர் கோத்து உப்பியிருக்கும். ஈரல் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருக்கும். சில மீன்களில், இரு கண்களுக்கும் நடுவே மண்டையில், ஆணி அடித்து எடுத்ததுபோல ஒரு துளை!

இந்தத் துளையைக் கண்ட மீனவர்கள் நோய்க்கு ‘மண்டைத் துளை நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். விஞ்ஞானிகள் வைத்த பெயர் ‘கெளுத்தியின் குடல் வழி இரத்த நச்சு நோய்’ என்ற பொருள் தரும் நீண்ட பெயர். ஒரே நோயை ஒருவர் மண்டையில் பார்த்தார், மற்றவர் குடலில் பார்த்தார். இரண்டுமே சரிதான் என்பதைச் சற்றுப் பின்னால் காண்போம்.

அவசரப்படாத கிருமி

1976ஆம் ஆண்டு. அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் மீன் நோய்களை ஆராய்ந்து வந்த ஜான் ஹாக் என்பவர், அலபாமா, ஜார்ஜியா மாநிலங்களின் குளங்களிலிருந்து வந்த நோயுற்ற கெளுத்திகளில் அதுவரை யாரும் விவரித்திராத ஒரு பாக்டீரியாவைக் கண்டார். சிறிய குச்சி வடிவம் கொண்டது அது. 1979இல் அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1981இல் அவரும் வேறு மூன்று ஆராய்ச்சியாளர்களும் அதற்கு ‘எட்வர்ட்சியெல்லா இக்டலூரி’ என்று பெயர் சூட்டினார்கள். பெயரின் முதல் பாதி பிலிப் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க பாக்டீரியா இயல் அறிஞரின் நினைவாக ஏற்கெனவே இருந்த பேரினப் பெயர். இரண்டாம் பாதி, அது யாரைத் தாக்குகிறது என்பதைச் சொல்கிறது.

அதற்கு முன் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? நோய் அதற்கு முன்பும் இருந்திருக்கிறது. ஆர்கன்சா மாநிலத்தில் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த பழைய மீன் திசுக்களைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், 1960களின் இறுதியிலேயே இக்கிருமி அங்கு இருந்ததற்கான சான்றைக் கண்டு 2000இல் வெளியிட்டார்கள். கண்ணில் படாததற்கு ஒரு காரணம் கிருமியின் சுபாவம். இறந்த மீனிலிருந்து கிருமியைப் பிரித்தெடுக்க, திசுவைத் தொட்ட கம்பியை அகார் என்னும் கூழ் பரப்பிய தட்டில் இழுத்து வைப்பார்கள். குளத்து நீரில் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியாக்கள் ஒரே இரவில் தட்டு முழுவதும் படர்ந்துவிடும். இந்தக் கிருமியோ 28 டிகிரி சென்டிகிரேடில் வைத்தாலும் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வளர ஒன்றரை, இரண்டு நாட்கள் எடுத்துக் கொள்ளும். மறுநாள் காலையில் தட்டைப் பார்த்து முடிவு எழுதிவிடுபவர் வேறு எதையாவது குற்றவாளி என்று எழுதிவிட நேரும். எனவே மற்றக் கிருமிகள் எளிதில் புகாத மூளையிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் திசுவை எடுத்து, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். விஞ்ஞானத்தில் காத்திருப்பதும் ஒரு சோதனை முறைதான்!

இரண்டு வாசல்கள்

இப்போது அந்த மண்டைத் துளைக்கு வருவோம். மீனுக்கு மூக்கு உண்டு. அதனால் அது மூச்சு விடுவதில்லை. மோப்பம் மட்டுமே பிடிக்கிறது. நீர் மூக்குக் குழியில் புகுந்து வெளியேறும்போது அதிலுள்ள மணத்தை நரம்பு நுனிகள் உணர்கின்றன. நீரோடு வரும் எட்வர்ட்சியெல்லா இங்கே இறங்கிக் கொள்கிறது. மோப்ப நரம்பைப் பற்றிக் கொண்டு நேராக மூளைக்கே போய்ச் சேர்கிறது. பம்பரச் சுற்றலுக்குக் காரணம் இதுதான். மூளையிலிருந்து புண் மேல் நோக்கி அரித்து, எலும்பையும் தோலையும் தாண்டி வெளியே திறக்கும்போது துளை உண்டாகிறது. இது நாட்பட நடக்கும் வகை.

இன்னொரு வாசல் வாய். கிருமி இரையோடு குடலுக்குள் போய், குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலக்கிறது. இது வேகமான வகை. இவ்வகையில் துளை விழுவதற்கெல்லாம் நேரம் இருக்காது. சில நாட்களில் மீன் இறந்துவிடும். குளத்தில் கூட்டம் கூட்டமாக மீன்களைக் கொல்வது இதுவே.

இரத்தத்தில் புகுந்த கிருமியை மீனின் காவற்படை சும்மா விடுமா? நம் உடம்பில் உள்ளதைப் போன்றே மீனுக்கும் கிருமியை விழுங்கி அழிக்கும் செல்கள் இருக்கின்றன. அவை ஓடி வந்து விழுங்கவும் செய்கின்றன. ஆனால் விழுங்கப்பட்ட எட்வர்ட்சியெல்லா அந்தச் செல்லுக்குள்ளேயே உயிரோடிருந்து பெருகுகிறது. திருடனைப் பிடிக்கப் போன காவலரின் வண்டியிலேயே திருடன் ஏறி ஊர் சுற்றினால் எப்படி இருக்கும்? சிறுநீரகம், மண்ணீரல், ஈரல் என்று எல்லா இடங்களுக்கும் கிருமி சவாரி செய்து போகிறது.

‘இந்த மீனைச் சாப்பிட்டால் நமக்கும் நோய் வருமா?’ என்று நீங்கள் கேட்கக்கூடும். நம் உடலின் வெப்பநிலை 37 டிகிரி. அந்த வெப்பத்தில் இந்தக் கிருமி தழைப்பதில்லை. அதன் நெருங்கிய உறவான ‘எட்வர்ட்சியெல்லா டார்டா’ மட்டும் சில வேளைகளில் மனிதருக்கும் நோய் தரும்.

ஆறு டிகிரி அகலமுள்ள சன்னல்

மீன் குளிர் இரத்தப் பிராணி. அதன் உடல் வெப்பம் குளத்து நீரின் வெப்பமே. இதனால் மீன் நோய்களில் வெப்பமானிக்கு நாம் நினைப்பதைவிட அதிக அதிகாரம் உண்டு. 1980களில் ஆராய்ச்சியாளர்கள் கெளுத்திகளை வெவ்வேறு வெப்பநிலையில் தொட்டிகளில் வைத்து இக்கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். 25 டிகிரித் தொட்டியில் மீன்கள் இறந்தன. 17 டிகிரித் தொட்டியிலும் 32 டிகிரித் தொட்டியிலும் மீன்கள் பிழைத்துக் கொண்டன. குளங்களில் கண்ட அனுபவமும் இதையே சொன்னது. நீர் ஏறக்குறைய 22 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் நோய் வெடிக்கிறது.

டெல்டாவில் நடுக்கோடையில் குளத்து நீர் 30 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஆகவே இந்த ஆறு டிகிரிச் சன்னல் ஆண்டுக்கு இரண்டு முறை திறக்கிறது: வெயில் ஏறும் வசந்தத்தில் ஒரு முறை, வெயில் இறங்கும் இலையுதிர் காலத்தில் ஒரு முறை.

இனி மீனின் நாட்காட்டியைப் பார்ப்போம். கெளுத்தி முட்டையிடுவது மே, ஜூன் மாதங்களில். குஞ்சுகள் சில நாட்கள் பொரிப்பகத் தொட்டியில் இருந்துவிட்டு, கோடையில் நாற்றங்கால் குளத்திற்குப் போகின்றன. (நெல்லுக்கு மட்டுமா, மீனுக்கும் நாற்றங்கால் உண்டு!) செப்டம்பரில் அவை விரல் நீளக் குஞ்சுகள். வாழ்க்கையில் முதல் முறையாகச் சன்னல் திறக்கிறது. நோயை ஒருமுறைகூடச் சந்தித்திராத லட்சக்கணக்கான குஞ்சுகள் ஒரே குளத்தில் நெருக்கியடித்துக் கொண்டிருக்கின்றன. கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நோயில் தப்பிய மீன்களை அது அடுத்த ஆண்டு பெரிதாகத் தொல்லை செய்வதில்லை. ஒருமுறை அம்மை கண்டவருக்கு மறுமுறை அது வராததுபோல, அந்த மீன்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு கணக்குப் போடுவோம்

நோய் வந்துவிட்டது. கொல்லும் மருந்தும் கையில் இருக்கிறது. எப்படிக் கொடுப்பது?

ஒரு ஹெக்டேர் பரப்பும் 1.2 மீட்டர் ஆழமும் உள்ள நாற்றங்கால் குளத்தை எடுத்துக் கொள்வோம். அதில் 10 கிராம் எடையுள்ள குஞ்சுகள் 2,50,000 இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். குளத்து நீரின் அளவு 12,000 கன மீட்டர், அதாவது 1 கோடியே 20 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் மருந்தை நீரில் கரைப்பதானால் 120 கிலோ மருந்து வேண்டும்! அதில் பெரும்பகுதி மீனைத் தொடாமலே சேற்றில் போய்ச் சேரும்.

ஊசி போடலாமா? ஒரு மீனுக்கு 5 விநாடி என்றால் 2,50,000 மீன்களுக்கு 12,50,000 விநாடிகள். நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைத்தாலும் ஒருவருக்கு 43 நாட்கள் பிடிக்கும். நோயுற்ற சின்னக் குஞ்சுகளை வலைபோட்டு வாரிக் கையில் பிடித்தாலே பாதி செத்துவிடும் என்பது வேறு விஷயம்.

மிஞ்சியிருப்பது தீனி. குஞ்சுகளின் மொத்த எடை 2,500 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் மருந்து தேவைப்பட்டால், குளம் முழுவதற்கும் ஒரு நாளைக்கு 25 கிராம் போதும். பத்து நாட்களுக்குக் கால் கிலோ. எவ்வளவு சிக்கனம் பாருங்கள்! இந்தக் கணக்கில் நான் எடுத்துக் கொண்ட அளவு, 2005இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கென அனுமதித்த ‘ஃப்ளோர்ஃபெனிக்கால்’ என்ற ஆன்டிபயாடிக் மருந்தின் அளவு. அதற்கு முன்பும் தீனியில் கலந்து தரும் இரண்டு மருந்துகள் இருந்தன.

கணக்கு சரி. ஆனால் இந்நோயின் முதல் அறிகுறி என்ன என்று மேலே படித்தீர்கள்? மீன் தீனியை வெறுக்கிறது! மருந்து தேவைப்படும் மீன் மருந்தைத் தின்பதில்லை. நலமாக இருக்கும் மீன் அதன் பங்கையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. பாதி மீன்களாவது பசியோடு இருக்கும் முதல் ஓரிரு நாட்களில் நோயைக் கண்டுபிடித்து மருந்திட்டால் பயன் உண்டு. ஆனால் சந்தேகம் வந்த உடனேயே மருந்தை வாங்கிக் கொட்ட முடியாது. மீனைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, கால்நடை மருத்துவரின் எழுத்துப்பூர்வமான உத்தரவு பெற வேண்டும். நம் கிருமியோ, முன்பே சொன்னபடி, தட்டில் தெரிய இரண்டு நாள் எடுத்துக் கொள்ளும் ஆசாமி! அரைகுறையாக மருந்து தின்ற மீன்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் தப்பிப் பெருகும். பழைய மருந்துகளுக்கு மசியாத எட்வர்ட்சியெல்லா பல பண்ணைகளில் தலைகாட்டியிருக்கிறது.

பட்டினி வைத்தியம்

இந்நிலையில் பல மீன் வளர்ப்பவர்கள் நேர் எதிரான வழியைப் பிடித்தார்கள். நோய் வந்தால் தீனியையே நிறுத்திவிடுவது! ‘இலங்கணம் பரம ஔஷதம்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே சிகிச்சைதான். சோதனைகளிலும் இதற்கு ஆதரவு கிடைத்தது. தினமும் தீனி போட்ட குளங்களைவிட, தீனியை நிறுத்திய அல்லது நாள் இடைவெளி விட்டுப் போட்ட குளங்களில் இறப்பு குறைந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதே. தீனி தூவும்போது குளத்து மீன்களெல்லாம் ஓரிடத்தில் முட்டி மோதுகின்றன. நோயுற்ற மீன் நீரில் விட்ட கிருமியைப் பக்கத்து மீன் தீனியோடு சேர்த்து விழுங்குகிறது. கூட்டத்தைக் கலைத்தால் தொற்றும் குறைகிறது.

ஆனால் இந்த வைத்தியத்திற்குக் கட்டணம் உண்டு. செப்டம்பரும் அக்டோபரும் குஞ்சுகள் வளர வேண்டிய மாதங்கள். மீன்குஞ்சை அங்குலக் கணக்கில் விற்கிறார்கள். ஆறு அங்குலம் வளர வேண்டிய குஞ்சு நான்கு அங்குலத்தில் நின்றுபோனால் நஷ்டம் யாருக்கு? தீனி போட்டால் நோய், போடாவிட்டால் நஷ்டம். பல ஆண்டுகள் டெல்டாவின் குஞ்சுப் பண்ணைகள் இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஊசலாடின.

பெருந்தீனியே வழி காட்டியது

நோய் கண்டு பிழைத்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது என்று நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அப்படியானால் தடுப்பு மருந்து செய்யலாமே! முதலில் கொல்லப்பட்ட கிருமிகளை வைத்து முயன்றார்கள். பலன் சொற்பம். செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமியை எதிர்க்க உடம்புக்குப் பயிற்சி வேண்டுமானால், உயிருள்ள, ஆனால் பல் பிடுங்கப்பட்ட கிருமி தேவை.

அதைச் செய்த விதம் சுவையானது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குடும்பத்து மருந்தைக் கலந்த தட்டில் எட்வர்ட்சியெல்லாவை வளர்த்து, பிழைத்ததை எடுத்து, மேலும் மருந்துள்ள தட்டில் வளர்த்து, மீண்டும் மீண்டும் இப்படியே செய்தார்கள். மருந்தைத் தாங்கப் பழகிய கிருமி நோய் உண்டாக்கும் திறனை இழந்துவிட்டது. ஆபர்னில் இருந்த அமெரிக்க விவசாயத் துறை ஆய்வுக்கூடத்தில் ஃபிலிப் கிளீசியஸ், கிரெய்க் ஷூமேக்கர் இருவரும் 1990களில் இவ்வாறு ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். பொரித்து ஏழு முதல் பத்து நாளான குஞ்சுகளை, குளத்தில் விடுவதற்கு முன் மருந்து கலந்த நீரில் சில நிமிடங்கள் வைத்து எடுக்க வேண்டும். லட்சக்கணக்கான குஞ்சுகளை ஒரே தொட்டியில் வைத்திருக்கும் வேளை அது ஒன்றுதான். சுலபமான முறை! ஆனால் ஒரு வார வயதுக் குஞ்சின் நோய் எதிர்ப்பு அமைப்பு இன்னும் முதிரவில்லை. பாடம் நடத்துகிறோம், மாணவருக்கு அதை நினைவில் வைக்கும் வயது வரவில்லை. பண்ணைகளில் பலன் ஒரே சீராக இல்லை.

குஞ்சு வளர்ந்த பிறகு மருந்து கொடுக்கலாம் என்றால், அப்போது அது குளத்தில் இருக்கும். மறுபடியும் பழைய கேள்விதான்: குளத்திலுள்ள மீனுக்கு மருந்து கொடுப்பது எப்படி?

மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோன்வில் என்ற ஊரில், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் வைஸும் அவருடைய சகாக்களும் இதற்குக் கண்ட விடையைக் கேட்டால், ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். நோயுற்ற மீன் தின்பதில்லை. ஆனால் நோய் வருவதற்கு முந்திய கோடையில், ஒன்றிரண்டு மாத வயதில், குஞ்சு அகோரப் பசியோடு தின்கிறதே! மருந்தை அப்போது தீனியில் கொடுத்துவிட்டால்? சிகிச்சைக்கு உதவாத தீனி, தடுப்புக்கு உதவும். வாய் வழியே போய்க் குடலைத் துளைப்பது கிருமியின் இயல்பான பழக்கம். பல் பிடுங்கிய கிருமியும் அதே வாசலில் நுழைந்து, அதே செல்களைச் சந்தித்து, பாடம் நடத்திவிட்டு மடிகிறது.

ஆனால் உயிருள்ள கிருமியைத் தீனி ஆலையின் சூட்டில் வேக வைக்க முடியாது. மாதக்கணக்கில் மூட்டையில் வைக்கவும் முடியாது. எனவே மருந்தை உறைய வைத்துக் காத்து, தூவுகிற நாளன்று குளத்தருகிலேயே உருக்கி, நீர் சேர்த்து, தீனியோடு கலந்து உடனே தூவும் இயந்திரம் ஒன்றை அமைத்தார்கள். இன்று டெல்டாவின் குஞ்சுப் பண்ணைகளில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. தடுப்பு மருந்து தின்ற குளங்களில் பிழைத்த குஞ்சுகளின் எண்ணிக்கை கூடியது. இலையுதிர் காலத்தில் அஞ்சாமல் தீனி போட முடிந்ததால் அவை பெரிதாகவும் வளர்ந்தன. சேனல் கெளுத்திப் பெண்ணையும் நீலக் கெளுத்தி ஆணையும் கலந்து உண்டாக்கும் கலப்பினக் குஞ்சுகளுக்கும் இது பயன்படுகிறது. அந்தக் கலப்பினத்திற்காக ஆண் மீனைக் கொன்றுதான் விந்தை எடுக்க முடியும். அதனால் குஞ்சின் விலையும் கூடுதல். ஒரு குஞ்சு சாவதைக்கூட அந்தப் பண்ணைக்காரர் விரும்பமாட்டார்.

மீகாங் ஆற்றில்

இதே கிருமி உலகின் மறுபக்கத்திலும் தோன்றியது. வியட்நாமில் மீகாங் ஆற்றின் கழிமுகத்தில் ‘பங்காசியஸ்’ என்ற வேறொரு கெளுத்தி பெருமளவில் வளர்க்கப்படுகிறது. ஆந்திரப் பிரதேசத்துக் குளங்களில் இன்று வளர்க்கப்படும் மீனும் இதுவே. 1998 முதல் அங்கே மீன்கள் இறக்கத் தொடங்கின. வயிற்றைத் திறந்து பார்த்தால் ஈரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். தலையில் துளை இல்லை, பம்பரச் சுற்றல் இல்லை. ஆராய்ந்தபோது குற்றவாளி எட்வர்ட்சியெல்லா இக்டலூரி என்று தெரிந்தது. அங்கே 2013இல் அனுமதி பெற்ற தடுப்பு மருந்து ஊசி மருந்து. நாம் நடவாத காரியம் என்று மேலே கணக்குப் போட்டு ஒதுக்கினோமே, அதே முறைதான்: தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து, மயக்க மருந்து கொடுத்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி போடுகிறார்கள்.

அமெரிக்கக் குளங்களுக்கு மறுபடியும் வருவோம். எட்வர்ட்சியெல்லா அடங்கிக் கிடக்கும் நடுக்கோடை மாதங்கள், அங்குள்ள மீன் வளர்ப்பவர்களுக்கு ஓரளவு நிம்மதியான மாதங்களாக இருந்து வந்தன. 2009இல் மேற்கு அலபாமாவில் ‘ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா’ என்ற பாக்டீரியாவின் கொடிய வகை ஒன்று புகுந்தது. ஏரோமோனாஸ் எந்தக் குளத்திலும் இருக்கும் சாதாரணக் கிருமிதான். ஆனால் இந்த வகையின் மரபுப் பொருளை ஆராய்ந்தவர்கள், ஆசியக் கெண்டை மீன்களைத் தாக்கும் வகைக்கு இது நெருங்கிய உறவு என்று கண்டார்கள். இது குஞ்சுகளை விட்டுவிட்டு, விற்பனைக்குத் தயாராக நிற்கும் பெரிய மீன்களைத் தாக்குகிறது. நீர் சூடாக இருக்கும் மாதங்களில் வருகிறது. சோதனைத் தொட்டிகளில், வயிறு நிறையத் தின்ற மீன்களே பட்டினி கிடந்த மீன்களைவிட இதற்கு எளிதில் பலியாயின. நன்றாகத் தீனி தின்கிறது என்று நேற்றுவரை பார்த்து மகிழ்ந்த குளத்தில், மறுநாள் காலை பெரிய மீன்கள் மிதக்கின்றன.